எரிச்சல் என்றொரு டைனோசர்

டைனோசர்களுக்குப் பெயர் வைப்பவர்கள் பெரும்பாலும் மிரட்டுகிற மாதிரி ஏதாவது பார்த்து வைப்பார்கள். கொடுங்கோல் பல்லி, இடிப் பல்லி, இந்த ரகத்தில். ஆனால் 1996ல் ஒரு டைனோசருக்கு 'எரிச்சலூட்டி' என்று பெயர் வைத்தார்கள். இரிட்டேட்டர். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, அதன் அறிவியல் பெயரே அதுதான்.

பிரேசிலின் வடகிழக்கில் அராரிப்பே படுகை என்று ஒரு பகுதி இருக்கிறது. அங்கே கிடைத்த மண்டையோடு அது. மீன் பிடித்துத் தின்ன வாகான நீண்ட மூஞ்சி. வியாபாரிகள் கைமாறி ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரத்து அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தது. ஆய்வாளர்கள் உட்கார்ந்து பார்த்தால், மூஞ்சியை இன்னும் நீளமாகக் காட்டுவதற்காக யாரோ துண்டு எலும்புகளை ஒட்டி, பட்டி பூசி, மேலே கல் நிறத்தில் மூடி வைத்திருக்கிறார்கள். முழுசாகத் தெரிந்தால் விலை கூடும் இல்லையா. அந்த ஒட்டுவேலையைக் கண்டபோது தங்களுக்கு வந்த உணர்ச்சியையே பெயராக வைத்துவிட்டார்கள். அடக்கித்தான் சொல்லியிருக்கிறோம் என்று கட்டுரையிலேயே ஒரு குறிப்பும் உண்டு.

முதல் தடவை படித்தபோது சிரித்தேன். பிற்பாடுதான் உறைத்தது. அவர்களுக்கு எரிச்சல் வந்தது பட்டி பூசியதற்காக. புதைபடிவங்கள் எல்லாம் அரசின் சொத்து என்று 1942லேயே சட்டம் போட்ட ஒரு நாட்டிலிருந்து அந்த மண்டையோடு எப்படி வெளியே வந்தது என்ற கேள்விக்கு அந்தப் பெயரில் இடமே இல்லை. எரிச்சல்படுவதும் அவர்களே, பெயர் வைப்பதும் அவர்களே.

இதையெல்லாம் எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்டால், பெரிதாக ஒன்றுமில்லை. நான் தொல்லுயிரியல் படித்தவன் கிடையாது. ஆய்விதழ்களுக்குப் போகும் கட்டுரைகளின் ஆங்கிலத்தைத் திருத்திக் கொடுப்பது என் பிழைப்பு. காற்புள்ளி, ஒருமை பன்மை, வாக்கிய நீளம். ஒரு நாள் நரம்பியல், மறுநாள் சிமென்ட் கலவை, அதற்கடுத்த நாள் நண்டு. கட்டுரையை எழுதியவர் யார் என்பதுகூடப் பல நேரம் எனக்குத் தெரியாது.

சில வருஷங்களுக்கு முன் ஒரு புதைபடிவக் கட்டுரை வந்தது. கல்லில் பதிந்த ஒரு சிறு பூச்சி, புதிய இனம். எடுத்துக்கொண்ட பொருள் பற்றிச் சொல்லும் பகுதியில் இரண்டே வரிகள்: 'மாதிரி ஒரு வணிகரிடமிருந்து பெறப்பட்டது. கிடைத்த இடம் துல்லியமாகத் தெரியவில்லை.' இலக்கணப்படி இரண்டும் சுத்தமான வாக்கியங்கள். இறக்கையின் நரம்பு அமைப்புக்கு ஏழு பக்கம் எழுதியவர்கள், அது எந்த மண்ணிலிருந்து வந்தது என்பதை இரண்டு வரியில் முடித்திருந்தார்கள். ஓரத்தில் ஒரு குறிப்புப் போட்டேன்: எந்த ஆண்டு, யாரிடமிருந்து, ஏற்றுமதி அனுமதி உண்டா என்று ஆசிரியரிடம் கேட்கலாமா? வேலை கொடுத்த நிறுவனத்தின் ஒருங்கிணைப்பாளரிடமிருந்து அரை மணி நேரத்தில் பதில் வந்தது. மொழியை மட்டும் பாருங்கள், நன்றி. நானும் குறிப்பை அழித்துவிட்டுக் கோப்பை அனுப்பினேன். மாதக் கடைசியில் பணம் வந்தது.

அந்தக் கோப்பில் இன்னொன்றும் இருந்தது. கட்டுரையின் முடிவில் 'ஆய்வு நெறி ஒப்புதல்' என்று ஒரு கட்டம் வரும். எலிக்கு ஊசி போட்டால் எந்தக் குழு அனுமதித்தது, அனுமதி எண் என்ன என்று அதில் எழுத வேண்டும். நாலு பேரிடம் கேள்வித்தாள் கொடுத்து வாங்கினால்கூட எழுத வேண்டும். இந்தக் கட்டுரையில் அந்தக் கட்டத்தில் ஒரே சொல்தான்: 'பொருந்தாது'. கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன் செத்த பூச்சிக்கு யாரிடம் அனுமதி வாங்குவது? சரிதான். அன்றைக்கு எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

உபிராஜாரா விவகாரத்தைத் தேடிப் படித்தது அதற்கப்புறம்தான்.

2020 டிசம்பரில் 'கிரிடேசியஸ் ரிசர்ச்' ஆய்விதழின் இணையப் பக்கத்தில் ஒரு கட்டுரை வந்தது. கோழி அளவு டைனோசர். சுமார் பதினோரு கோடி வருஷப் பழசு. முதுகில் பிடரிமயிர் போன்ற இழைகள், இரண்டு தோள்களிலிருந்தும் நாடா மாதிரி விறைத்து நிற்கும் நீண்ட தகடுகள். இப்படி ஒன்றை அதுவரை யாரும் பார்த்ததில்லை. அதே அராரிப்பே படுகையின் கிராட்டோ சுண்ணாம்புக்கல்லில் கிடைத்தது. பெயர் உபிராஜாரா. பிரேசிலின் பூர்வகுடி மொழியான துப்பியில் 'ஈட்டியின் தலைவன்' என்ற மாதிரி பொருள். பெயர் பிரேசிலுடையது, மண் பிரேசிலுடையது. எழுதியவர்களில் ஜெர்மனிக்காரர் உண்டு, பிரிட்டனில் பணியாற்றுபவர் உண்டு, மெக்சிகோக்காரர்கூட உண்டு. பிரேசில்காரர் ஒருவர்கூட இல்லை. கல் இருந்தது ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவ அருங்காட்சியகத்தில்.

பிரேசிலின் தொல்லுயிரியலாளர்கள் சும்மா இருக்கவில்லை. 1942ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு பக்கம். 1990ல் வந்த விதிகள் இன்னொரு பக்கம்: வெளிநாட்டவர் மாதிரி சேகரிக்க வேண்டுமானால் பிரேசிலில் ஓர் ஆய்வு நிறுவனம் கூட்டாளியாக இருக்க வேண்டும், புதிய இனத்துக்கு அடிப்படையான மூல மாதிரி நாட்டிலேயே இருக்க வேண்டும். இந்த இரண்டையும் எடுத்துவைத்துக் கேட்டார்கள், எப்படி வெளியே போனது? 1995ல் அனுமதியோடு வந்தது என்று பதில். காட்டிய காகிதத்தில் உபிராஜாரா என்றோ டைனோசர் என்றோ எதுவும் இல்லை. புதைபடிவங்கள் கொண்ட சுண்ணாம்புக்கல் மாதிரிகள், இரண்டு பெட்டி. அவ்வளவுதான். அந்த இரண்டு பெட்டி எனக்கு ரொம்பப் பிடித்துப் போயிற்று. எந்தக் கல்லை வேண்டுமானாலும் உள்ளே வைத்துக்கொள்ளலாம்.

சமூக ஊடகத்தில் 'உபிராஜாரா பிரேசிலுக்குச் சொந்தம்' என்ற பிரசாரம் பற்றிக்கொண்டது. ஆய்விதழ் கட்டுரையை முதலில் நிறுத்திவைத்தது, 2021ல் முழுவதுமாகத் திரும்பப் பெற்றது. அருங்காட்சியகம் மட்டும் அசையவில்லை. ஜெர்மனியின் சட்டத்தில் 2007 ஏப்ரல் ஒரு கோடு. அதற்கு முன்னால் வந்த பொருளானால் திருப்பித் தர வேண்டிய கட்டாயம் இல்லை, இது அதற்கு முன்னால் வந்ததுதான் என்றார்கள். மாநில அரசு விசாரித்தபோது, ஒரு தனியார் கம்பெனி 2006ல் ஜெர்மனிக்குக் கொண்டுவந்து, 2009ல்தான் அருங்காட்சியகம் அதை வாங்கியது என்று தெரிந்தது. 1995 எங்கே, 2009 எங்கே. 2022ல் பாடன் வூர்ட்டம்பர்க் மாநில அரசு திருப்பித் தருவதாக அறிவித்தது. 2023 ஜூனில் கல் ஊர் திரும்பியது. இப்போது இருப்பது சாந்தானா தோ காரிரி என்ற சிறு நகரத்தின் தொல்லுயிரியல் அருங்காட்சியகத்தில். தோண்டப்பட்ட பகுதியிலேயே.

அந்தப் பகுதியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கிராட்டோ சுண்ணாம்புக்கல் தகடு தகடாகப் பிரியும். தரைக்கும் சுவருக்கும் பதிக்கிற கல்லாக வெட்டி விற்கிறார்கள். ஒவ்வொரு தகடாகப் பிரிக்கும்போது மீனோ தும்பியோ இலையோ வந்து விழும். பக்கத்தில் இன்னொரு அடுக்கில் உருண்டைக் கற்களுக்குள் மீன்கள். அதைத் தோண்டி விற்பவர்களை உள்ளூரில் மீன்காரர்கள் என்றே சொல்வார்கள், கல் மீன்காரர்கள். கூலிக்காரருக்குக் கிடைப்பது சில்லறை. இடைத்தரகருக்கு அதைவிட அதிகம். ஐரோப்பியக் கண்காட்சி மேசைக்கு வரும்போது அது வேறு தொகை. அப்புறம் ஆய்விதழ். ஒரு கல் ஆய்விதழில் வந்துவிட்டால் அதற்கு அங்கீகாரம் வந்துவிடுகிறது, அதே சுரங்கத்திலிருந்து வரும் அடுத்த கல்லின் விலையும் ஏறுகிறது. வியாபாரி ஒரு பைசா செலவில்லாமல் விளம்பரம் பெறுகிறார். திருத்திக் கொடுத்தவனுக்கும் அதில் பங்கு உண்டு என்று நான் யோசித்ததில்லை.

இதில் நியாயம் அநியாயம் ஒரு பக்கம் இருக்கட்டும். விஞ்ஞானமாகவே பார்த்தாலும் இந்தக் கணக்கு நஷ்டம்தான். இரிட்டேட்டர் எந்தக் குழியிலிருந்து வந்தது என்று சரியாகச் சொல்ல ஆள் இல்லை. எந்த அடுக்கு, மேலே என்ன இருந்தது, கீழே என்ன இருந்தது, கூடவே எந்த மீன்கள் செத்துக் கிடந்தன, ஒன்றும் தெரியாது. புதைபடிவத்துக்கு அது கிடந்த இடம்தான் பாதி உயிர். களவாடிய பொருளை விற்பவன் முதலில் மறைப்பது அந்த இடத்தைத்தான். எனவே 'கிடைத்த இடம் துல்லியமாகத் தெரியவில்லை' என்ற வரியைப் படிக்கும்போது, அது பெரும்பாலும் தெரியாததால் எழுதியதில்லை, தெரியக்கூடாது என்று யாரோ பார்த்துக்கொண்டதால் எழுதியது என்று இப்போது புரிகிறது. பட்டி பூசிய மூஞ்சியும் அந்த வரியும் ஒரே கடையின் சரக்கு.

இந்தப் பேச்சு எடுத்தாலே ஒரு பதில் தயாராக வரும்: எங்களிடம் இருந்தால் பத்திரமாக இருக்கும். 2018 செப்டம்பர் 2ஆம் தேதி ரியோவின் தேசிய அருங்காட்சியகம் எரிந்தபோது இந்தப் பதிலுக்கு இன்னும் தெம்பு வந்தது. பாருங்கள், அங்கேயே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று. அந்தத் தீ உண்மையான இழப்பு, மழுப்ப முடியாது. பராமரிப்புக்குப் பணம் ஒதுக்காமல் விட்டது பிரேசில் அரசுகளின் குற்றம், அதற்குக் காலனியத்தைக் கைகாட்ட எனக்கு மனசில்லை.

ஆனால் ஸ்பைனோசரஸ் கதையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எகிப்தின் பஹாரியா பாலைவனச் சோலையில் 1912ல் கிடைத்த எலும்புகளை ஜெர்மானியரான எர்ன்ஸ்ட் ஸ்ட்ரோமர் மியூனிக்குக்குக் கொண்டுபோய் 1915ல் பெயர் வைத்தார். இரண்டாம் உலகப் போர் வந்தது. சேகரிப்பைப் பாதுகாப்பான இடத்துக்கு மாற்றுங்கள் என்று ஸ்ட்ரோமர் கெஞ்சினார். நாஜி ஆதரவாளரான இயக்குநர் கேட்கவில்லை. 1944 ஏப்ரலில் பிரிட்டிஷ் விமானங்கள் குண்டு போட்டன. மூல மாதிரி தூளாயிற்று. பிறகு பல பத்தாண்டுகளுக்கு ஸ்ட்ரோமரின் வரைபடங்களும் சில புகைப்படங்களும்தான் மிச்சம். பஹாரியா மணலுக்குள் பல கோடி வருஷம் பத்திரமாக இருந்தது, மியூனிக்கில் முப்பது வருஷத்துக்குக் கொஞ்சம் மேல். எந்த ஊர் பத்திரம் என்று யார் சொல்வது?

பெர்லினின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் நுழைந்ததும் ஒரு எலும்புக்கூடு நிற்கும். 13 மீட்டருக்கு மேல் உயரம். ஜிராஃபடைட்டன் என்ற டைனோசர். அதே இனத்தின் பல மிருகங்களின் எலும்புகளைச் சேர்த்து 1937ல் நிறுத்தியது. எனக்குப் படத்தில் பார்த்த பழக்கம்தான். அடியில் நிற்கும் பள்ளிப் பிள்ளைகள் அதன் முட்டிக்குக்கூட எட்ட மாட்டார்கள்.

அது டெண்டகுருவிலிருந்து வந்தது. இன்றைய தான்சானியாவின் தெற்கில், அன்றைய ஜெர்மன் கிழக்கு ஆப்பிரிக்காவில். 1905 முதல் 1907 வரை அந்தத் தெற்குப் பகுதியில் மாஜி மாஜி என்ற பெரும் எழுச்சி நடந்தது. ஜெர்மன் படை அதை ஒடுக்கிய முறை கொடுமையானது: வயல்களையும் தானியத்தையும் எரித்துப் பஞ்சத்தை உண்டாக்கினார்கள். பஞ்சம் முடிந்த கையோடு 1909ல் அதே பகுதியில் அகழ்வு தொடங்கியது. 1913 வரை நடந்தது. நூற்றுக்கணக்கான உள்ளூர்க்காரர்கள் தோண்டினார்கள். இருநூறு டன்னுக்கும் மேல் எலும்பும் கல்லும். ரயில் கிடையாது, வண்டி கிடையாது. லிண்டி துறைமுகம் வரைக்கும் நாள்கணக்கில் நடந்து, தலையிலும் தோளிலும் மனிதர்களே சுமந்தார்கள். பெரிய எலும்புகளை மூங்கில் பிளாச்சுகளால் சுற்றிக் கட்டி அனுப்பினார்கள். அந்த மூங்கில் கட்டுகளில் சில பெர்லினில் நூறு வருஷமாகியும் பிரிக்காமலே கிடந்தன.

இந்தச் செய்தி என்னை ரொம்ப நேரம் நிறுத்திவைத்தது. பஞ்சத்திலிருந்து மீண்டு வந்த ஒரு மனிதன், தனக்குச் சாப்பாடு தராத ஒரு சுமையைத் தலையில் வைத்து நாள்கணக்கில் நடந்திருக்கிறான். போய்ச் சேர்ந்த இடத்தில் அதைப் பிரித்துப் பார்க்க நூறு வருஷமாக யாருக்கும் நேரமில்லை.

அகழ்வை நடத்தியவர்கள் வெர்னர் யானென்ஷ், எட்வின் ஹென்னிக். யானென்ஷ் பெயரில் ஒரு டைனோசர் உண்டு, யானென்ஷியா. அகழ்வுக் குழிகளின் தலைமை மேற்பார்வையாளர் பொஹெட்டி பின் அம்ரானி. எலும்பைச் சிதறாமல் எடுப்பதில் கைதேர்ந்தவர் என்று ஜெர்மானியர்களே எழுதியிருக்கிறார்கள். அந்த ஓரிருவர் தவிர மற்ற நூற்றுக்கணக்கானவர்கள் வெறும் எண்ணிக்கைதான். 2019ல், அதாவது ஒரு நூற்றாண்டு கழித்து, டெண்டகுரு டைனோசர் ஒன்றுக்கு வாம்வெராகாடியா என்று பெயர் வைத்தார்கள். வாம்வெரா அங்கே வாழும் மக்கள். அவர்களுக்கு மரியாதையாக ஒரு வால். வால் எலும்புகளை வைத்துத்தான் அந்த இனத்தையே அடையாளம் கண்டார்கள். 'காடியா' என்றால் வால். நல்லெண்ணத்தில் செய்ததுதான், குறை சொல்லவில்லை. சிரிப்பு வந்தது, அவ்வளவுதான்.

தோண்டுபவர் அறிவதை அறிவாகக் கணக்கில் எடுக்காத பழக்கம் இதைவிடப் பழையது. 1720களில் அமெரிக்காவின் தெற்குக் கரோலினாவில் ஸ்டோனோ என்ற இடத்தில் பெரிய பற்கள் கிடைத்தன. யானையின் கடைவாய்ப் பற்கள் என்று அங்கிருந்த ஆப்பிரிக்க அடிமைகள் பார்த்தவுடனே சொல்லிவிட்டார்கள். ஊரில் யானையைப் பார்த்தவர்கள் ஆயிற்றே. மார்க் கேட்ஸ்பி என்ற ஆங்கிலேயர் அதைக் குறித்து வைத்ததால் நமக்குத் தெரியவந்தது. சொன்னவர்களின் பெயர் எதுவும் அந்தக் குறிப்பில் கிடையாது.

இந்தியாவும் இந்தக் கதைக்கு வெளியே இல்லை. வழிப்பறிக் கொள்ளையரான தக்கர்களை ஒடுக்கியவர் என்று பேசப்படும் பிரிட்டிஷ் அதிகாரி ஸ்லீமன்தான் 1828ல் ஜபல்பூர் அருகே டைனோசர் வால் எலும்புகளை எடுத்தவர். டைனோசர் என்ற சொல்லே அப்போது பிறக்கவில்லை. 1877ல் லைடெக்கர் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் அதற்கு டைட்டனோசரஸ் இண்டிகஸ் என்று பெயர் வைத்தார். அப்புறம் ஸ்லீமன் எடுத்த எலும்பு தொலைந்துபோனது என்றே எல்லாரும் நினைத்திருந்தார்கள். 2012ல் அது அகப்பட்டது, கொல்கத்தாவில், இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் சொந்தச் சேகரிப்புக்குள்ளேயே. இங்கே யாரும் களவாடவில்லை. நம் அலமாரியை நாமே திறந்து பார்க்கவில்லை. திரும்பி வா என்று கேட்பவர்கள், வந்தால் எங்கே வைப்போம், யார் பார்ப்பார்கள் என்பதற்கும் ஏற்பாடு செய்ய வேண்டும் என்பதை நான் மறுக்கவே மாட்டேன்.

மியான்மர் ஆம்பர் விஷயத்தில்தான் எனக்குத் தீர்மானமாக ஒன்றும் சொல்ல வரவில்லை. ஆம்பர் என்பது கல்லாகிப்போன மரப்பிசின். கச்சின் மாநிலத்தின் ஹுகாவ்ங் பள்ளத்தாக்கில் கிடைப்பது சுமார் 9.9 கோடி வருஷப் பழசு. அதற்குள் பூச்சி, பூ, பல்லி எல்லாம் நேற்று மாட்டிக்கொண்டது மாதிரி இருக்கும். மிட்சினா சந்தையில் செடித்துண்டு என்று சொல்லி விற்ற ஒரு கட்டியைச் சீன ஆய்வாளர் ஒருவர் வாங்கிப் பார்த்தால், உள்ளே இறகோடு ஒரு குட்டி டைனோசரின் வால். 2016ல் அந்தக் கட்டுரை வந்தபோது உலகமே வாய் பிளந்தது. நானும்தான்.

ஆம்பர் எடுக்கும் குழிகள் ஒரு ஆள் மட்டும் இறங்குகிற அகலம். அந்தப் பகுதியில் கச்சின் போராளிகளுக்கும் ராணுவத்துக்கும் பல வருஷமாகச் சண்டை. 2017 ஜூனில் ராணுவம் தானாய் பகுதியின் சுரங்கங்களைக் கைப்பற்றியது; மக்கள் வீட்டை விட்டு ஓடினார்கள். மியான்மர் சட்டத்தில் ஒரு விநோதம் உண்டு. புதைபடிவத்தை வெளியே கொண்டுபோகக் கூடாது, ஆனால் ஆம்பர் ரத்தினக்கல் கணக்கில் வரும், கொண்டுபோகலாம். உள்ளே புதைபடிவம் இருக்கும் ஆம்பர் எது? வியாபாரியைக் கேட்டால் நகை. ஆய்வாளரைக் கேட்டால் விஞ்ஞானம். இரண்டு பேரும் ஒரே கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு சொல்வார்கள்.

2020 ஏப்ரலில் முதுகெலும்பித் தொல்லுயிரியல் சங்கம் ஆய்விதழ் ஆசிரியர்களுக்கு ஒரு கடிதம் எழுதியது: 2017 ஜூனுக்குப் பிறகு வாங்கிய மியான்மர் ஆம்பர் பற்றிய கட்டுரைகளை வெளியிட வேண்டாம். சில இதழ்கள் ஏற்றன, பல ஏற்கவில்லை. கடிதம் சரி என்றுதான் எனக்குப் படுகிறது. ஆனால் தடை போட்டதும் ஆம்பர் பூமிக்குள் காத்திருக்கப் போவதில்லை. பாசியாக அறுத்துக் கழுத்தில் மாட்டிவிடுவார்கள், உள்ளே இருந்ததை யாரும் பார்க்காமலே. குழிக்குள் இறங்கியவரின் அன்றாடக் கூலியும் அதோடு போகும். மியான்மரின் சொந்த ஆய்வாளர்கள் இந்த விவாதத்தில் என்ன சொன்னார்கள் என்று தேடினால், அவர்கள் பெயர் பெரும்பாலான ஆம்பர் கட்டுரைகளில் இல்லவே இல்லை. தடைக்கு முன்னாலும் அவர்களைக் கேட்கவில்லை, தடை போடும்போதும் பெரிதாகக் கேட்கவில்லை.

மங்கோலியா வழக்குக்குப் போனது. 2012ல் நியூயார்க்கில், டைரனோசரஸின் நெருங்கிய உறவான டார்போசரஸ் ஒன்றின் எலும்புக்கூடு பத்து லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது. அந்த வகை மங்கோலியாவில் கிடைப்பது என்று மங்கோலியத் தொல்லுயிரியலாளர் போலோர்ட்செட்செக் மின்ஜின் அடையாளம் காட்டினார். அமெரிக்க அரசு வழக்குப் போட்டது, எதிராளி எலும்புக்கூடே. வழக்கின் பெயரே 'அமெரிக்கா எதிர் ஒரு டைரனோசரஸ் எலும்புக்கூடு' என்கிற தினுசில் இருக்கும். எலும்புக்கூடு தோற்றது. 2013ல் ஊர் போய்ச் சேர்ந்தது.

ஆய்விதழ்களுக்கு வருகிறேன், அதுதான் என் சோற்றுப் பானை. 2021 இறுதியில் நுசைபா ராஜாவும் எம்மா டன்னும் மற்றவர்களும் சேர்ந்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். முப்பது வருஷப் புதைபடிவத் தரவுகளில் 97 சதவீதம் உயர் வருமான, மேல் நடுத்தர வருமான நாடுகளின் ஆய்வாளர்கள் சேர்த்தது. இதில் ஜாக்கிரதையாகப் படிக்க வேண்டும்: சீனாவும் பிரேசிலும் அர்ஜென்டினாவும் அந்தப் பட்டியலுக்குள்ளேயே வரும். எனவே வெள்ளைக்காரன் எதிர் மற்றவன் என்று கோடு கிழித்துவிட முடியாது. ஆனால் அதே ஆய்வில் பழைய கோடுகளும் தெரிகின்றன. மொராக்கோ, துனிசியா, அல்ஜீரியா பற்றிய ஆய்வுகளில் கால்வாசி பிரான்சிலிருந்து. தான்சானியா பற்றியதில் 17 சதவீதம் ஜெர்மனியிலிருந்து. கொடியை இறக்கிப் பல பத்தாண்டுகள் ஆனபிறகும் பாதை மாறவில்லை.

கட்டுரை எழுதிய பின்னால் அது போகும் இடம் இன்னொரு கதை. சந்தா கட்டினால்தான் படிக்கலாம். யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்று திறந்துவிட வேண்டுமானால் எழுதியவர் கட்ட வேண்டும். 'நேச்சர்' இதழ் அந்த வசதியை அறிமுகப்படுத்தியபோது வைத்த கட்டணம் 9,500 யூரோ. சாந்தானா தோ காரிரியில் கல் பிரிப்பவர், தான் பிரித்த கல்லைப் பற்றி உலகம் என்ன சொல்கிறது என்று படிக்க, யாரோ அந்தத் தொகையைக் கட்டியிருக்க வேண்டும். அப்புறம் அதை ஆங்கிலத்தில் படிக்கத் தெரிய வேண்டும். நான் திருத்திய ஆங்கிலத்தில்.

இதழ்கள் செய்ய வேண்டியது பெரிய காரியமே இல்லை என்பதுதான் ஆச்சரியம். எலிக்குக் கேட்கிற அனுமதி எண்ணைக் கல்லுக்கும் கேட்டால் போதும். எப்போது எடுத்தது, யார் எடுத்தது, எந்தக் காகிதத்தின் பேரில் எல்லை தாண்டியது. மூன்று வரி. உபிராஜாராவுக்குப் பிறகு சில இதழ்கள் கேட்க ஆரம்பித்திருக்கின்றன. 'பாராசூட் அறிவியல்' என்று ஒரு சொல் இப்போது புழங்குகிறது: வானத்திலிருந்து குதித்து, வேண்டியதை எடுத்துக்கொண்டு பறந்துவிடுவது. என் அனுபவத்தில் குதிக்கக்கூட வேண்டியதில்லை. மேசையில் உட்கார்ந்தபடியே வியாபாரியிடம் வாங்கலாம். நான் திருத்திய அந்தப் பூச்சிக் கட்டுரையை எழுதியவர்கள் அந்த நாட்டில் கால் வைத்தார்களா என்றே சந்தேகம்.

திரும்பி வருவது நடக்கத்தான் செய்கிறது. 2025 செப்டம்பரில் நெதர்லாந்து அரசு, யூஜின் துபுவா என்ற டச்சு மருத்துவர் ஜாவாவில் சேகரித்த 28,000க்கும் மேற்பட்ட புதைபடிவங்களை இந்தோனேசியாவுக்குத் தருவதாக ஒப்புக்கொண்டது. 1891ல் கண்டெடுத்த ஜாவா மனிதன் என்ற ஆதிமனிதப் புதைபடிவமும் அதில் அடக்கம். அந்த அகழ்வில் தோண்டியவர்கள் கைதிகள், கட்டாய வேலை. வேடிக்கை என்னவென்றால் நெதர்லாந்துக்கும் இதே மாதிரி ஒரு பழைய வயிற்றெரிச்சல் உண்டு. மாஸ்ட்ரிக்ட் நகரத்துச் சுரங்கத்தில் கிடைத்த மொசாசரஸ் என்ற கடல் ஊர்வனவின் மண்டையோட்டை, 1794ல் நகரைப் பிடித்த பிரெஞ்சுப் படை பாரிசுக்குக் கொண்டுபோனது. இன்னும் பாரிசில்தான் இருக்கிறது. பறிகொடுத்தால் எப்படி இருக்கும் என்று அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் இந்தோனேசியாவுக்குத் தர நூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

உபிராஜாரா ஊர் திரும்பியதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஒரு பெயர் செல்லுபடியாக வேண்டுமானால் அது முறைப்படி வெளியாகியிருக்க வேண்டும். கட்டுரையோ திரும்பப் பெறப்பட்டது. எனவே விலங்கியல் விதிப்படி உபிராஜாரா என்று ஒரு விலங்கே இல்லை. எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், பிரசாரமே அந்தப் பெயரில்தான் நடந்தது, ஆனால் பதிவேட்டில் பெயரில்லை. கல் வந்துவிட்டது, பெயரை இனிமேல்தான் வைக்க வேண்டும். இந்த முறை யார் வைப்பார்கள் என்பதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

போன மாதம் என்னிடம் மறுபடி ஒரு புதைபடிவக் கட்டுரை வந்தது. வேறு நிறுவனம், வேறு நாடு. இந்த முறை அனுமதி எண் இருந்தது, தேதி இருந்தது, அந்த நாட்டு ஆய்வாளர் இரண்டு பேர் ஆசிரியர் வரிசையில் இருந்தார்கள், ஒருவர் முதலாவதாகவே. எனக்குக் கேட்க ஒன்றுமில்லை என்றுதான் நினைத்தேன். கடைசியில் நன்றி சொல்லும் பகுதி. நிதி கொடுத்தவர்கள், ஸ்கேன் எடுத்தவர், பின்னூட்டம் தந்த மூன்று பேராசிரியர்கள், எல்லாருக்கும் பெயர் இருந்தது. பிறகு ஒரு வரி: 'மாதிரியை முதலில் கண்டு தெரிவித்த உள்ளூர் மக்களுக்கு நன்றி.'

இலக்கணம் சரி. ஓரத்தில் எழுதினேன்: 'உள்ளூர் மக்கள்' என்பதற்குப் பதிலாகப் பெயர்கள் தர முடியுமா? மொழியை மட்டும் பாருங்கள் என்று யாராவது சொன்னால், தெளிவின்மை மொழிப்பிழைதான் என்று பதில் சொல்லவும் தயாராக இருந்தேன். யாரும் சொல்லவில்லை. நாலு நாள் கழித்துக் கட்டுரை ஆசிரியரிடமிருந்து பதில். இரண்டு பெயர்கள். ஒருவருக்கு முழுப்பெயர். இன்னொருவருக்கு ஊரில் கூப்பிடும் பெயர் மட்டும். கூடவே ஒரு சந்தேகம்: இதழின் நடைவிதிப்படி இனிஷியலும் குடும்பப்பெயரும் வேண்டுமே, இவருக்கு இரண்டும் கிடைக்கவில்லை, பரவாயில்லையா?

குடும்பப்பெயர் கேட்கும் படிவங்களோடு வாழ்நாள் பூராவும் மல்லுக்கட்டியவனிடம் கேட்கிறார். 'அப்படியே இருக்கட்டும்' என்று குறிப்புப் போட்டுக் கோப்பை அனுப்பினேன்.